செய்வித்தவரும் செய்தவரும்

மனிதர்கள் மறைந்தால் ஆண்டுதோறும் நினைவு நாள் கொண்டாடுவது உலக வழக்கம். ஒரு மோட்டார் கம்பெனி மறைந்ததற்காக ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி, அதன் வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தி, பழைய விளம்பரத் தாள்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, பேரன் பேத்திகளிடம் காட்டிப் பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் என்ற பெயருக்கு இப்படி ஓர் அடியார் கூட்டம் உண்டு. அந்தக் காரை ஓட்டுகிறவர்களின் சங்கம் 1962-ல் தோன்றியது. கடைசி ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1966-ல்தான். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே உறவினர் கூடிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை.

இந்தப் பழங்கார் அபிமானிகள் எழுதிக் குவித்திருக்கும் புத்தகங்களையும் கட்டுரைகளையும் படிக்கும்போது மகிழ்ச்சி ஏற்படுகிறது. கூடவே ஒரு குறையும் தட்டுப்படுகிறது. இரண்டையும் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கோ இந்தியானா மாகாணத்தில் செய்த காரைப் பற்றி விமரிசனம் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணங்கள் இரண்டு. அந்தக் கார் ஒரு காலத்தில் பாகம் பாகமாக வந்து நம் நாட்டிலேயே சேர்த்துப் பூட்டப்பட்டது. நாம் இன்று நினைத்து உருகும் அம்பாஸடர் காரும் அதுவும் ஒரே கம்பெனியின் கை பட்டவை. இது ஒரு காரணம். மற்றொரு காரணம் அந்த மலையிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஸ்டூடிபேக்கரின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1852-ல் சவுத் பெண்ட் என்ற ஊரில் ஹென்றி, கிளெம் என்ற இரண்டு சகோதரர்கள் ஒரு கொல்லுப்பட்டறை போட்டார்கள். அவர்கள் கையில் இருந்த மூலதனம் 68 டாலர் என்று சொல்வார்கள். குதிரைக்கு லாடம் அடித்தார்கள். பார வண்டி செய்தார்கள். ஜான் என்ற இன்னொரு சகோதரர் தங்கம் தேடிப் போனவர்களோடு தாமும் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே அவர் மண் தோண்டவில்லை. மண் தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார். அப்படிச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பித் தம்முடைய சகோதரர்களின் தொழிலில் போட்டார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது வடக்குப் படைக்கு வண்டிகள் இந்தப் பட்டறையிலிருந்து போயின. 1902-ல் மின்சாரத்தில் ஓடும் காரும், 1904-ல் பெட்ரோலில் ஓடும் காரும் செய்யத் தொடங்கினார்கள். குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வண்டிக்கு வெற்றிகரமாக மாறிய வண்டிக் கம்பெனிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அவர்களுடைய கார் ஒரு புதிய உருவத்தோடு வந்தது. 1947-ஆம் வருஷத்து மாடல் ஒன்றில் பின்புறக் கண்ணாடி முன்புறக் கண்ணாடியைப் போலவே அகலமாக வளைந்திருக்கும். வண்டி வருகிறதா போகிறதா என்று கேட்டுக் கேலி செய்தார்கள். 1950-ல் காரின் மூக்கைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூர்மையாக்கி நடுவில் வைத்தார்கள். 1953-ல் வந்த தாழ்ந்த, நீண்ட காரை, அமெரிக்காவில் செய்த கார்களிலேயே அழகானது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அழகு வேறு, வியாபாரம் வேறு. ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று மலைகளுக்கு நடுவில் இந்தச் சிறிய கம்பெனி மூச்சுத் திணறியது. 1954-ல் பாக்கார்டு கம்பெனியோடு இணைந்தது. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலையில் கார் செய்வதை நிறுத்தினார்கள். கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் இருந்த தொழிற்சாலை மட்டும் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, 1966 மார்ச்சில் ஓய்ந்தது.

இந்தக் கதையை அபிமானிகள் எழுதும் விதத்தில் நல்ல அம்சங்கள் பல. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. எந்த வருஷத்தில் எந்தப் போல்ட்டின் தலை மாறியது என்பது வரை விசாரித்துத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் பழைய காகிதங்களையும் வரைபடங்களையும் எலிக்கும் ஈரத்துக்கும் விட்டுவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். சவுத் பெண்ட் நகரத்தில் இருக்கும் ஸ்டூடிபேக்கர் காட்சிசாலையில் அந்தப் பட்டறை வண்டிக் காலத்திலிருந்து எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நம் நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் நடந்த எத்தனையோ தொழில் ஸ்தாபனங்களின் கணக்குப் புஸ்தகங்கள் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போயிருக்கின்றன. அதை நினைக்கும்போது, இந்த மனிதர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

பிறகு குறை என்ன? அவர்கள் எழுத்தில் உருவம் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, முதலாளிகளின் பெயர்கள் இருக்கின்றன, உருவத்தை வரைந்த ரேமண்ட் லோவியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. காரைச் செய்த மனிதர்கள் மட்டும் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்கள். கம்பெனி ஏன் நொடித்தது என்று காரணம் சொல்லும் அத்தியாயத்தில் வருகிறார்கள். சவுத் பெண்ட் தொழிலாளிகளுக்குக் கூலி அதிகம், அதனால் காரின் அடக்க விலை கூடிவிட்டது என்று அங்கே ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கும். கூலி அதிகமாக இருந்தது உண்மைதான். ஆனால் 1954-ல் அதே தொழிலாளிகள், கம்பெனி பிழைக்க வேண்டும் என்று, தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொள்ளச் சம்மதித்து வாக்களித்தார்கள். இதையும் பக்கத்தில் எழுதினால்தானே கணக்கு நேராகும்?

அதைவிடப் பெரிய விஷயம் 1963-க்குப் பிறகு நடந்தது. தொழிற்சாலை மூடியபோது பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. இருந்ததைப் பங்கு போட்டார்கள். அறுபது வயது நிறைந்தவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. நாற்பதுக்கு மேல் அறுபதுக்குள் இருந்து, பத்து வருஷத்துக்குக் குறையாமல் உழைத்தவர்கள் சுமார் 4,000 பேர். அவர்களுக்குச் சேர வேண்டியதில் நூற்றுக்கு 15 பங்குதான் கிடைத்தது. அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஐம்பத்தொன்பது வயதில், முப்பது வருஷ உழைப்புக்குப் பிறகு, ரூபாய்க்கு இரண்டரை அணாக்கூட இல்லாத கணக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். இந்த அநியாயம் அந்த நாட்டின் மனச்சாட்சியை உறுத்தியது. பல வருஷ விவாதத்துக்குப் பிறகு 1974-ல் அமெரிக்கா முழுவதற்கும் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. அந்த விவாதங்களில் ஸ்டூடிபேக்கரின் பெயர்தான் உதாரணமாக மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டது.

ஆக, ஸ்டூடிபேக்கர் உலகத்துக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, 1953-ஆம் வருஷத்து அழகான கார். மற்றொன்று, இன்னும் கோடிக்கணக்கான குடும்பங்களின் முதுமைக்குக் காவலாக இருக்கும் ஒரு சட்டம். முன்னதைப் பற்றிப் படங்களோடு எத்தனையோ புத்தகங்கள். பின்னதைப் பற்றி அறிய வேண்டுமானால் வக்கீல்களும் பொருளாதாரப் பேராசிரியர்களும் எழுதியதைத் தேடிப் போக வேண்டும். ஒரே வீட்டில் நடந்த கல்யாணத்தையும் சாவையும் இரண்டு வேறு ஊர்களில் விசாரித்துத் தெரிந்துகொள்வது போன்ற விசித்திரம் இது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பிர்லா குடும்பத்தார் 1942-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய வருஷங்களில் ஸ்டூடிபேக்கர் கார்களை இங்கே பூட்டி விற்றது. பிறகு அதே கம்பெனி கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஆதாரமாகக் கொண்டு அம்பாஸடரைச் செய்யத் தொடங்கியது. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. கலெக்டர் வந்தாலும் அம்பாஸடர், கல்யாண மாப்பிள்ளை வந்தாலும் அம்பாஸடர், பெரியாஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனாலும் அம்பாஸடர். மதுரை ஜங்ஷனுக்கு எதிரே வரிசையாக நின்ற வாடகைக் கார்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டதாக அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே நின்றார்கள். 2017-ல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். தொழிற்சாலை வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஆட்கள் வேண்டாம். பெயருக்கு மட்டும் 80 கோடி! பெயர் என்பது எதனால் ஆனது? அறுபது வருஷ காலம் தகரத்தை வளைத்தவனும், போல்ட்டை முறுக்கியவனும், சாயம் அடித்தவனும், பிறகு நம் ஊர் மரத்தடிப் பட்டறைகளில் அதைப் பிரித்து மாட்டி மேலும் இருபது வருஷம் ஓட வைத்தவனும் சேர்ந்து உண்டாக்கியதுதான் அந்தப் பெயர். அந்த வருஷத்துப் பத்திரிகைகளில் அம்பாஸடருக்கு எழுதிய இரங்கற் கட்டுரைகள் ஏராளம். பின் சீட்டின் மெத்தையைப் பற்றியும், ஆறு பேர் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு திருப்பதிக்குப் போனதைப் பற்றியும் நெஞ்சை நெகிழ்விக்கும்படி எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை பின் சீட்டில் உட்கார்ந்து எழுதியவை. முன் சீட்டிலிருந்தும், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டும் எழுதியவை அபூர்வம்.

“ஐயா, ஒருவன் ஒரு பொருளை ரசித்துவிட்டுப் போகட்டுமே, ஒவ்வொரு ரசனைக்கும் தொழிலாளர் சரித்திரம் கேட்டால் உலகத்தில் யார்தான் எதை ரசிப்பது?” என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். வீணை வாசிப்பைக் கேட்பவன் வீணை செய்த ஆசாரியின் சம்பளத்தை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அபிமானிகள் ரசிப்பதோடு நிற்கவில்லை; சரித்திரம் எழுதுகிறார்கள். யார் உயர்த்தினார், யார் கெடுத்தார் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர் இரண்டு பக்கத்துச் சாட்சியையும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்வேன். செய்தவனையும் ஓட்டியவனையும் உள்ளே விட்டால் ரசனை கெட்டுப்போவதில்லை, அது ஆழமாகிறது. இதற்குக் கலை உலகத்திலிருந்தே சாட்சி காட்டலாம். வங்காளத்தில் சுபோத் கோஷ் எழுதிய சிறுகதை ஒன்றை, ரித்விக் கட்டக் 1958-ல் ‘அஜாந்த்ரிக்’ என்ற படமாக எடுத்தார். பிமல் என்ற வாடகைக் கார் டிரைவர், ஜகத்தள் என்று தான் பெயர் வைத்திருக்கும் ஓர் ஓட்டை அமெரிக்க காரிடம் வைக்கும் பிரியம்தான் கதை. அதோடு பேசுகிறான், கோபித்துக்கொள்கிறான், சம்பாதித்ததை எல்லாம் அதற்கே செலவழிக்கிறான். கடைசியில் அது பழைய இரும்புக்காரனின் வண்டியில் துண்டு துண்டாகப் போகிறது. கழற்றி எறிந்த ஹாரனை ஒரு குழந்தை எடுத்து அழுத்துகிறது. அந்த ஓசையைக் கேட்டு அவன் முகத்தில் தோன்றும் சிரிப்பில், எல்லாக் கார்ச் சங்கங்களின் ஏக்கமும் அடங்கியிருக்கிறது. அந்த ஏக்கத்தில் நம்பகம் இருப்பதற்குக் காரணம், அவன் கையில் எண்ணெய்க் கறை இருப்பதுதான்.

அமெரிக்காவிலேயே ஸ்டீன்பெக் 1939-ல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆப் ராத்’ நாவலில், நிலத்தை இழந்த ஜோடு குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போவது ஒரு பழைய ஹட்ஸன் காரில். ஹட்ஸனும் 1950-களில் மறைந்துபோன பெயர்தான். அந்தக் காரின் அழகைப் பற்றி ஆசிரியர் உருகுவதில்லை. அல் என்ற இளைஞன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, உடம்பெல்லாம் காதாக, எஞ்சினின் ஒவ்வோர் ஓசையையும் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறான். வழியில் துணையாக வந்த குடும்பத்தின் வண்டி பழுதாகும்போது, சகோதரர்கள் இருவரும் பழைய சாமான் கிடங்கில் தேடிப் பாகம் வாங்கி, இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மாட்டுகிறார்கள். அத்தனை பேர் உயிரும் அந்தப் பாகத்தில் இருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. காரைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதியும் கதை மனிதரை விட்டு நகர்வதில்லை.

நம் தமிழ்க் கதைகளில் கார் வெகு காலமாக ஓர் அந்தஸ்தின் சின்னமாகவே வந்து போயிற்று. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். ஜமீன்தார் மகன் இறங்குவான். டிரைவருக்குப் பெயர்கூட இராது. 1966-ல், கடைசி ஸ்டூடிபேக்கர் வெளிவந்த அதே வருஷத்தில் வெளியான ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் முன்னால் ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. அங்கே கார் அலங்காரமாக நின்றுவிடாமல் கதையின் நடுநாயகமே ஆகிறது. ஆயினும் அது உடையவனின் கார். அதைப் பழுது பார்த்தவனின் கதையை இன்னும் நிறைய எழுத இடம் இருக்கிறது.

எழுத்தில் இல்லாவிட்டாலும் எங்கள் ஊர்ப் பேச்சில் அந்த மாதிரி நினைவுக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய ஸ்தாபனம் மதுரைச் சீமையில் நடத்திய பஸ்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் வண்டி ஓட்டக் கலம் செய்த ஸ்தாபனம் அது. 1970-களின் தொடக்கத்தில் பஸ் போக்குவரத்தை அரசு ஏற்றுக்கொண்டதும் அந்தப் பஸ்கள் பெயர் மாறிப்போயின. அவற்றின் எஞ்சின் எந்தத் தேசத்தது, மூக்கு எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. “டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்” என்றுதான் சொல்வார்கள். அது தகரத்தின் புகழ் அல்ல. விடியற்காலையில் எழுந்து வந்த டிரைவர், கண்டக்டர், ஷெட்டில் இரவெல்லாம் கண் விழித்த மெக்கானிக் ஆகியவர்களின் புகழ். இத்தகைய பழைய நினைவுக்கு ஒரு பயனும் இருக்கிறது. இன்று தாமதமாக வரும் பஸ்ஸை நிறுத்தி, ஏன் என்று கேட்க அது நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது. காரின் மூக்கை நினைத்து ஏங்குவதில் அந்த அளவுகோல் கிடைப்பதில்லை.

இப்போது மலையைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் தாண்டிப் படி ஏறினால், பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்டவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருக்கும் வாசகங்களில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணப் பெரியாரின் தாயார் குணமதியார் அந்தத் திருமேனியைச் செய்வித்ததாகச் சொல்கிறது. ‘செய்வித்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறவினை. செய்தவன் வேறொருவன். உளி பிடித்த அவன் பெயரை அந்த வாசகம் சொல்லவில்லை. குணமதியாரின் பக்தியில் குறை காண எனக்கு உரிமை இல்லை. ஒரு தாயின் பெயர் ஆயிரம் வருஷம் கல்லில் நிற்பது பெரிய விஷயம். ஆனாலும் அந்த முகத்தின் அமைதியைப் பார்க்கும்போது, இதைச் செதுக்கிய கை யாருடையது என்ற கேள்வி மனத்தில் எழாமல் இராது.

அந்தக் கேள்விக்கு இனி விடை கிடைக்காது. ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. ஸ்டூடிபேக்கருக்கும் அம்பாஸடருக்கும் அப்படி இல்லை. உத்தர்பாராவில் வேலை செய்த பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மதுரையிலும் கோவையிலும் அந்த வண்டிகளைப் பிரித்து மாட்டிய கைகள் இன்னும் நடுங்காமல் இருக்கின்றன. விந்தை என்னவென்றால், ஸ்டூடிபேக்கர் என்பதும் முதலில் ஒரு தொழிலாளியின் பெயர்தான். லாடம் அடித்த இரண்டு கொல்லர்களின் பெயர். செய்தவர்களே செய்வித்தவர்களாகி, பிறகு செய்தவர்களை மறந்துபோனதுதான் அந்தக் கம்பெனியின் முழுக் கதை.

சென்னையிலும் கோவையிலும் பழங்கார் அணிவகுப்புகள் நடக்கின்றன. ஒவ்வொரு காரின் பக்கத்திலும் ஓர் அட்டை: வருஷம், குதிரைச் சக்தி, உடையவர் பெயர். பரிசு கொடுக்கும்போதும் உடையவரைத்தான் மேடைக்கு அழைக்கிறார்கள். அபிமானிகளுக்கு என்னுடைய வேண்டுகோள் மிகச் சிறியது. அந்த அட்டையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். நசுங்கிய தகரத்தை நிமிர்த்தியவர் யார், கிடைக்காத பாகத்தைக் கடைசலில் கடைந்து கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள். அவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். கார் அதனால் அழகு குறைந்துவிடாது.